ஜோக்ஜா போகிறோம் (குடும்பக் குழு)

சித்தப்பா: டிக்கெட் போட்டாயிற்று. கோலாலம்பூர் வழியாக யோக்யகர்த்தா, அதுதான் இந்தோனேசியாவில் ஜாவா தீவின் ஜோக்ஜா. நான், உன் சித்தி, அத்தை, மூன்று பேர். நீ அங்கே மூன்று வருடம் குப்பை கொட்டியவள், எங்கே எப்படி என்று சொல். ஞாயிறு இறங்குகிறோம், திங்கள் காலையிலேயே போரோபுதூர் புத்தர் கோயில்.

நான்: முதல் காரியமாக அந்தத் திங்களை மாற்றுங்கள் சித்தப்பா. திங்கட்கிழமை கோயில் மேலே ஏற விடமாட்டார்கள், சுற்றிலும் நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். 2023இல் மறுபடி ஏறலாம் என்று திறந்தபோதே நாளைக்கு 1,200 பேர் என்று கணக்கு வைத்தார்கள். அதனால் மேலே ஏறும் டிக்கெட்டை இங்கிருந்தே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். கல் தேயக்கூடாது என்று ஒரு பின்னல் செருப்பு கொடுப்பார்கள், அதைப் போட்டுக்கொண்டு வழிகாட்டியோடுதான் ஏற வேண்டும். செருப்பின் பெயர் ‘உபானத்’.

அத்தை: உபானத்தா? அது சமஸ்கிருதம் அல்லவா?

நான்: ஆமாம் அத்தை, பாதரட்சைதான். ஜாவா மொழியில் இப்படி நிறைய மாட்டும்.

தம்பி: அக்கா, ஏர்போர்ட்டில் இருந்து ஊருக்கு டாக்ஸியா?

நான்: வேண்டாம். புது விமான நிலையம் குலோன் ப்ரோகோவில் இருக்கிறது, ஊரில் இருந்து 40 கிலோமீட்டருக்கு மேல். உள்ளேயே ரயில் இருக்கிறது, 40 நிமிடத்தில் துகு ஸ்டேஷன், இறங்கினால் மாலியோபோரோ தெரு நடக்கிற தூரம். வந்திறங்கும்போதே எடுக்கும் விசா ஆளுக்கு 5 லட்சம் ரூபியா, 30 நாள்.

சித்தப்பா: 5 லட்சமா!!

நான்: பதறாதீர்கள். ஆயிரம் ரூபியா நம் பணத்தில் 5 ரூபாய் சொச்சம். கடையில் ‘25 ரிபு’ என்றால் 25 ஆயிரம், 5ஆல் பெருக்குங்கள், 125 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். இரண்டு நாளில் பழகிவிடும்.

சித்தி: உன் அத்தை சைவம். அங்கே என்ன சாப்பிடுவாள்?

நான்: இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே போன முதல் மாதம் நானே ஏமாந்தேன். ஊரின் பெருமை குதெக், அதாவது பலாப்பிஞ்சை வெல்லமும் தேங்காய்ப்பாலும் விட்டு மணிக்கணக்கில் வேகவைத்தது, நல்ல இனிப்பு. பலாக்காய்தானே என்று நம்பிச் சாப்பிட்டுவிடாதீர்கள் அத்தை, கூடவே வைக்கிற காரமான க்ரெசெக் மாட்டுத் தோல், சில கடைகளில் குதெக் வேகும்போதே கோழியும் உள்ளே கிடக்கும். ‘தன்பா தாகிங்’ (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் கோழி வந்துவிடும், தாகிங் என்றால் அவர்கள் மனதில் மாட்டிறைச்சி. அதனால் தன்பா அயாம், தன்பா இகான், தன்பா தெராசி என்று கோழி, மீன், இறால் விழுது எல்லாவற்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். தெராசி சம்பலில் (மிளகாய்த் துவையல்) ஒளிந்திருக்கும். காதோ-காதோ (நிலக்கடலைச் சட்னி ஊற்றிய காய்கறி) மேல் போடுகிற அப்பளம்கூட இறால் அப்பளமாக இருக்கலாம். தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), தாஹு (டோஃபு), வேகவைத்த கீரை மேல் நிலக்கடலைச் சட்னி ஊற்றிய பெச்செல், இவை மூன்றும் உங்களைக் காப்பாற்றும்.

அத்தை: நான் புளிக்காய்ச்சல் எடுத்துக்கொள்கிறேன்.

தம்பி: 😂😂 காபி?

நான்: துகு ஸ்டேஷன் பக்கம் அங்க்ரிங்கான் என்கிற தள்ளுவண்டிக் கடைகளில் கோபி ஜோஸ். கொதிக்கிற காபிக்குள் கனன்று சிவந்த கரித்துண்டைப் போடுவார்கள், ‘ஜோஸ்ஸ்’ என்று சத்தம் வரும், அதுதான் பெயர். பாய் மேல் உட்கார்ந்து குடியுங்கள், நாற்காலி தேடாதீர்கள் சித்தப்பா. அங்கேயே நாசி குசிங் (பூனைச் சோறு) என்று ஒரு பிடிச் சோற்றுப் பொட்டலம் கிடைக்கும்.

சித்தப்பா: வழி கேட்டால் சொல்வார்களா?

நான்: சொல்வார்கள், ஆனால் இடது வலது என்று சொல்ல மாட்டார்கள்! நம் ஊர்க்கிழவிகள் ‘மேற்கால போய் தெற்கால திரும்பு’ என்பார்களே, அப்படியே. லோர் வடக்கு, கிதுல் தெற்கு, வேதான் கிழக்கு, குலோன் மேற்கு. நான் வந்த புதிதில் முழித்துக்கொண்டு நிற்பேன். அப்புறம் வீட்டுக்கார அம்மா ஒருநாள் காலையில் மாடிக்குக் கூட்டிப் போய் மெராபி மலையைக் காட்டி, இது வடக்கு, முதுகுப் பக்கம் கடல், தெற்கு, அவ்வளவுதான் என்றார். ஊரே அப்படித்தான் கட்டியிருக்கிறது. துகு கம்பம், மாலியோபோரோ, சுல்தான் அரண்மனை, தெற்கே க்ராப்யாக் மண்டபம் என்று ஒரே கோட்டில் போகும், 1755க்குப் பிறகு முதல் ஹமெங்குபுவோனோ போட்ட கோடு. அந்த அச்சைத்தான் 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். இப்போதைய சுல்தான்தான் மாகாண ஆளுநரும்.

இன்னொன்று. வழி கேட்கும்போது சுட்டுவிரலை நீட்டாதீர்கள். வலது கையை மூடி கட்டைவிரலால் காட்ட வேண்டும். உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் போனால் லேசாகக் குனிந்து வலது கையைத் தாழ்த்தி ‘நுவுன் செவு’ (மன்னிக்கவும், வழி விடுங்கள்) என்று சொல்லிப் போங்கள். ஆண்களை மாஸ், பெரியவர் என்றால் பாக், பெண்களை ம்பாக், பெரியவர் என்றால் இபு என்று கூப்பிடுங்கள். குரல் உயர்த்தினால் வேலை நடக்காது.

சித்தி: உங்கள் சித்தப்பாவுக்கு அந்த விரலைக் கட்டிப்போட வேண்டும்.

சித்தப்பா: 🙄 ஷாப்பிங் பற்றி சொல் முதலில், உன் சித்திக்கு அதுதான்.

நான்: பெரிங்ஹார்ஜோ சந்தைக்குப் போங்கள், பேரம் பேசலாம். மாலியோபோரோவில் சிரித்த முகமாக ஒருவர் வந்து, ஓவிய மாணவர்களின் பாடிக் (மெழுகு எழுதிச் சாயமேற்றும் துணி) கண்காட்சி, இன்றுதான் கடைசி நாள் என்பார். அந்தக் கடைசி நாள் வருஷம் பூராவும் உண்டு. நான் போய் டீ குடித்து, சங்கோஜப்பட்டு, ஒரு சாதாரணத் துணிக்கு மூன்று மடங்கு கொடுத்துவிட்டு வந்தேன். ‘போத்தென், மாத்தூர் நுவுன்’ (வேண்டாம், நன்றி) என்று சிரித்துக்கொண்டே நடையைக் கட்டுங்கள். துணியைத் திருப்பிப் பாருங்கள் சித்தி, கையால் மெழுகு எழுதிய பாடிக் துலிஸ் என்றால் பின்பக்கமும் அதே நிறம், அச்சடித்தது என்றால் பின்னால் வெளிறியிருக்கும்.

அத்தை: பிரம்பானன் கோயிலில் அர்ச்சனை செய்யலாமா?

நான்: தினசரி பூஜை கிடையாது அத்தை, தேங்காய் பழம் வேண்டாம். ஆனால் சிவன் கோயிலைச் சுற்றி வாருங்கள், 47 மீட்டர் உயரம். மேற்கு அறையில் பிள்ளையார், வடக்கில் மகிஷாசுரமர்த்தினி (ஊர்க்காரர்கள் கல்லாகச் சபிக்கப்பட்ட இளவரசி ரோரோ ஜோங்க்ராங் என்பார்கள்), தெற்கு அறையில் தாடியும் தொந்தியுமாக யார் தெரியுமா? அகத்தியர்!

அத்தை: நம் அகத்தியரா 🙏🙏 அண்ணா, கூட ஒரு நாள் போடு.

சித்தப்பா: சரி, அப்போது செவ்வாய் போரோபுதூர், புதன் பிரம்பானன், வியாழன் கடற்கரை.

நான்: பராங்த்ரித்திஸ் என்றால் காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நீரோட்டம் ஆளை இழுத்துப் போய்விடும். பச்சை உடுத்தாதீர்கள், தென்கடல் ராணி நியாய் ரோரோ கிதுலின் நிறம் அது, உடுத்தியவர்களைக் கூட்டிப் போய்விடுவாள் என்பது நம்பிக்கை.

சித்தி: பெட்டியில் இருந்த பச்சைச் சேலையை எடுத்துவிட்டேன். உங்கள் சித்தப்பாவின் பச்சை லுங்கி?

நான்: அதை முதலில் எடுங்கள்.