பள்ளி இசையாசிரியர் பயிற்சி: பாட்டும் வாத்தியமும் ஒரே படிப்பிலா, தனித்தனியா?

அரைமாத்திரை:
பள்ளி இசையாசிரியராகப் பயில்பவர் பாடகர் குழுவையும் நடத்தக் கற்க வேண்டும், வாத்தியக் குழுவையும் நடத்தக் கற்க வேண்டும் என்று பல பட்டப்படிப்புகள் கேட்கின்றன. இந்த ஏற்பாடு இரண்டையும் கெடுக்கிறது என்பது என் வாதம். ஒரு பருவம் கிளாரினெட், அடுத்தது ட்ரம்பெட், அதற்கடுத்தது வயலின், பிறகு தாளவாத்தியங்கள், நடுநடுவே குரல் பயிற்சி. படிப்பு முடியும்போது எல்லாவற்றிலும் தொடக்கப் பாடம் வாசிக்கத் தெரியும்; ஒன்றிலும் குழந்தையின் கோளாறைத் திருத்தத் தெரியாது. இரண்டாம் ஆண்டிலேயே பிரித்துவிட வேண்டும். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

வெண்கலக்குழல்:
மறுக்கிறேன். முதல் காரணம் நடைமுறை. பெரும்பாலான பள்ளிகளில் இசைக்கு ஒரே ஒரு பணியிடம்தான். காலையில் பாட்டு வகுப்பு, மாலையில் வாத்தியக் குழு, இரண்டுக்கும் அதே ஆள்.

இரண்டாவது, அந்த ஒரு பருவ கிளாரினெட்டைக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். அது கச்சேரி செய்வதற்கு அல்ல. புல்லாங்குழலும் ஓபோவும் மேலே தாவும்போது ஒரு ஸ்தாயி தாவும். கிளாரினெட் ஒரு ஸ்தாயியைக் கடந்து அதற்கு மேலுள்ள பஞ்சமத்தில் போய் நிற்கும். அதனால் கீழ்ப் பகுதியிலிருந்து மேல் பகுதிக்குப் போகிற இடத்தில், கிட்டத்தட்ட எல்லாத் துளைகளும் திறந்திருந்த நிலையிலிருந்து எல்லாவற்றையும் ஒரே நொடியில் மூட வேண்டும். மோதிர விரல் துளையை முழுதாக மூடாத குழந்தைக்குக் கீச்சுச் சத்தம்தான் வரும். தானே அப்படிக் கீச்சிட்ட ஆசிரியர் நேரே விரலைப் பார்ப்பார். மற்றவர் "பலமாக ஊது" என்பார், கீச்சு இன்னும் பெரிதாகும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

நடுஸ்தாயி:
நான் பாடகர் குழு நடத்துகிறவள். அரைமாத்திரை அவர்கள் பக்கம் நிற்கிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக. வாத்தியத்துக்குக் கிடைக்கும் மரியாதை குரலுக்குக் கிடைப்பதில்லை. "எல்லோருக்கும்தான் குரல் இருக்கிறதே" என்று ஒரே பருவத்தில் முடித்துவிடுகிறார்கள்.

பருவ வயதில் பையன்களின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்குகிறது. சிறுமிகளுக்கும் குரல் மாறும், ஆனால் சில ஸ்வரங்கள் அளவுக்குத்தான். பையன்களில் சிலருக்கு நடுவில் கொஞ்ச காலம், வசதியாகப் பாட முடிந்த எல்லையே ஐந்தாறு ஸ்வரங்களுக்குள் சுருங்கிவிடும். அந்த நேரத்தில் ஆசிரியர் என்ன செய்கிறார்? "நீ கொஞ்ச நாள் பாடாமல் நில்" என்கிறார். அந்தப் பையன் பிறகு வாழ்நாளில் வாயைத் திறப்பதில்லை. செய்ய வேண்டியது, அவனுக்கு எட்டும் ஐந்தாறு ஸ்வரங்களுக்குள் ஒரு வரியைப் புதிதாக எழுதித் தருவது. அடுத்த மாதம் குரல் நகர்ந்தால் மறுபடி எழுதுவது. இதற்கு இசையமைப்பும் குரலின் உடலியலும் இரண்டுமே தெரிய வேண்டும். ட்ரம்பெட்டின் மூன்று வால்வுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் மாணவருக்கு இதற்கு நேரம் ஏது?

இன்னொன்று. ஆண் ஆசிரியர் தன் ஸ்தாயியிலேயே பாடிக் காட்டும்போது சின்னக் குழந்தைகள் எந்த சுருதியைப் பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறுவார்கள். இதைக்கூடச் சொல்லாமல் பட்டம் கொடுத்து அனுப்புகிறார்கள்.

வெண்கலக்குழல்:
நடுஸ்தாயி அம்மா சொன்ன குறை உண்மை. தீர்வுதான் தவறு. பள்ளி இசைக்கல்வியில் பெயர் பெற்ற வழிகளைப் பாருங்கள். ஹங்கேரியில் கோடாய் முதலில் குரல், பிறகு வாத்தியம் என்று வைத்தார். குரலோடு நிறுத்திவிடுங்கள் என்று சொல்லவில்லை. அவர் வழியில் பிரபலமான, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒன்றாகக் கையால் காட்டும் கைச்சைகைகள்கூட இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் கர்வென் உருவாக்கியவை. ஜெர்மனியில் ஓர்ஃப் பேச்சு, பாட்டு, அசைவு, சைலஃபோன் எல்லாவற்றையும் ஒரே வகுப்பில் கலந்தார். ஜெனீவாவில் டால்குரோஸ் கண்டது இன்னும் முக்கியம்: அவருடைய மாணவர்கள் காகிதத்தில் ஸ்வரச் சேர்க்கைகளைத் தப்பில்லாமல் எழுதினார்கள், எழுதியதைக் காதால் கேட்க அவர்களால் முடியவில்லை. உடலை அசைத்துத் தாளம் கற்பிக்கும் முறை அங்கிருந்துதான் வளர்ந்தது. பாடத் தெரியாத வாத்திய ஆசிரியர் அந்த மாணவர்களைப் போலத்தான் இருப்பார்.

அரைமாத்திரை:
நீங்கள் அடுக்கிய பெயர்கள் பெரும்பாலும் சிறு குழந்தைகளின் வகுப்பறையைச் சேர்ந்தவை. நான் பேசுவது உயர்நிலைப் பள்ளியின் வாத்தியக் குழு. எல்லா வாத்தியங்களின் வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டும் ஸ்கோரைத் திறந்தால் எல்லா வரியிலும் சி என்ற ஸ்வரம் எழுதியிருக்கும். ஆனால் பி ஃபிளாட் கிளாரினெட்டில் ஒலிப்பது பி ஃபிளாட், ஆல்ட்டோ சாக்ஸஃபோனில் இ ஃபிளாட், ஹார்னில் எஃப். எந்தக் கோட்டில் எந்த ஸ்வரம் என்று சொல்லும் குறியீடும் வியோலாவுக்குத் தனி. முப்பது பிள்ளைகள் முன் நின்றுகொண்டு இதைப் பார்த்த மாத்திரத்தில் படிக்க இரண்டு ஆண்டு இடைவிடாத பழக்கம் வேண்டும். பாட்டு மொழிகளின் உச்சரிப்பு வகுப்புக்கும் ஓடுகிறவர் இதை எப்போது பழகுவார்?

மூன்றாமாண்டு:
படித்துக்கொண்டிருக்கும் மாணவி என்ற முறையில் ஒன்று. பெரியவர்கள் மூவரும் தொடாத இடம் அது. குழு நடத்தும் வகுப்பில் நாங்கள் கை அசைப்பது சக மாணவர்கள் முன்னால். எல்லோரும் தேர்ந்தவர்கள். கையைத் தாறுமாறாக ஆட்டினாலும் சரியாகவே வாசித்துவிடுகிறார்கள். தவறே ஒலிக்காத இடத்தில் தவறைக் கண்டுபிடிக்கும் காது எப்படி வளரும்? கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்குப் போனால் முதல் நாளே முப்பது விதத் தவறு ஒரே நேரத்தில் காதில் விழுகிறது. யாருடையது, சுருதியா, தாளமா, தப்பான ஸ்வரமா, எதுவும் பிரித்தறிய முடிவதில்லை.

என் யோசனை: குழு நடத்தும் வகுப்பில் ஒவ்வொருவரும் தன் வாத்தியத்தை விட்டுவிட்டு, புதிதாகக் கற்கும் வாத்தியத்தை எடுத்துக்கொள்ளட்டும். பியானோக்காரர் ட்ராம்போன், பாட்டுக்காரர் வியோலா. உண்மையான தவறுகள் தாராளமாகக் கிடைக்கும். வாரம் ஒரு நாள் எல்லோரும் வாத்தியத்தை வைத்துவிட்டுப் பாடட்டும்.

வெண்கலக்குழல்:
அருமை. அப்படி ஒரு குழு அமைய வேண்டுமென்றால் பாட்டுக்காரரும் வாத்தியக்காரரும் ஒரே வகுப்பில் இருந்தாக வேண்டும் என்பதைக் கவனிக்கவும்.

நடுஸ்தாயி:
கவனித்தோம். காதைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு குறிப்பு: அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை 85 டெசிபலில் 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். சின்ன அறையில் பித்தளை வாத்தியங்கள் முழங்கினால் அந்த எல்லையைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. ஆசிரியரின் தொண்டையையும் செவியையும் காப்பது எந்தப் பாடத்திட்டத்திலும் ஓரமாகத்தான் இருக்கிறது.

அரைமாத்திரை:
மூன்றாமாண்டின் யோசனை எனக்கும் பிடித்திருக்கிறது. மணி நேரம் எங்கிருந்து வரும் என்று மட்டும் கேட்கிறேன். பியானோவைக் குறைக்கலாம். ஹார்ன் மாணவர் பியானோத் தேர்வில் தேறவில்லை என்று பட்டத்தையே நிறுத்தி வைப்பது அநியாயம்.

நடுஸ்தாயி:
பியானோவில் கை வைக்காதீர்கள். நான்கு குரல் வரிகளையும் ஒருசேர வாசித்துக் காட்டத் தெரியாதவர் பாடகர் குழு முன் நிற்கவே கூடாது.

வெண்கலக்குழல்:
பிரிக்கச் சொல்லும் இருவரும் எதைக் குறைப்பது என்பதில் உங்களுக்குள்ளேயே மோதிக்கொள்கிறீர்கள். பியானோ இருக்கட்டும், தேர்வை மாற்றுவோம். வாத்திய மாணவர் ஸ்கோரிலிருந்து மூன்று வரிகளை எடுத்து, சுருதி மாற்றி, மெதுவாகவாவது வாசித்தால் தேர்ச்சி. பாட்டு மாணவருக்கு நான்கு குரல் வரிகள்.

அரைமாத்திரை:
சம்மதம். ஆனால் அவருக்கு ஒரு தேர்வு, இவருக்கு வேறு தேர்வு என்றால், நான் முதல் பதிவில் கேட்டதைத்தானே ஐயா தவணை முறையில் கொடுக்கிறீர்கள்?