மறு: ஜாஸ் விழா மதிப்பெண் தாளில் ‘பிளெண்ட்’, ‘பேலன்ஸ்’

நண்பர்களுக்கு வணக்கம். ஜாஸ் விழா நடுவரின் மதிப்பெண் தாளைத் தமிழாக்கும்போது ‘பிளெண்ட்’, ‘பேலன்ஸ்’ இரண்டுக்கும் என்ன சொல் வைப்பது என்ற பேச்சில் வந்த ஒரு யோசனைக்கு என் பதில் இது.

> இரண்டுக்குமே ‘ஒத்திசைவு’ என்று போட்டுவிடலாமே?

வேண்டாம் என்பேன். ஒத்திசைவை ஏற்கெனவே ஹார்மனிக்குப் பலர் எழுதுகிறார்கள். அதைவிடப் பெரிய காரணம், நடுவர் இவற்றைக் குழப்பினால் பிள்ளைகளுக்குத் தவறான திருத்தம் போய்ச் சேரும்.

அமெரிக்கப் பள்ளிகளின் பிக் பேண்டில், அதாவது பெரிய ஜாஸ் குழுவில், வழக்கமாக ஐந்து சாக்ஸபோன், நான்கு டிராம்போன், நான்கு டிரம்பெட், கூடவே பியானோ, பாஸ், கிட்டார், டிரம்ஸ். சாக்ஸபோன் வரிசை மெலடி வாசிக்கும்போது டிராம்போன்கள் அதை அமுக்கினால், அது பேலன்ஸ் கோளாறு. டிராம்போன்காரர்கள் அடக்கி வாசித்தால் சரியாகிவிடும். ஆனால் சாக்ஸபோன் வரிசையை முன்னின்று நடத்தும் லீட் ஆல்ட்டோ நடுக்கமில்லாமல் நேராக வாசிக்க, அதே வரிசையின் இரண்டாம் டெனர் சாக்ஸபோன் மட்டும் நீளமான நோட்டிலெல்லாம் அகலமாக வைப்ரேட்டோ (சுருதி நடுக்கம்) போட்டால்? சத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பயனில்லை. அந்தப் பிள்ளை லீடைக் காதில் வாங்கி, தொனி, சுருதி, நோட்டை முடிக்கும் இடம்வரை அதோடு ஒட்ட வேண்டும். அது பிளெண்ட்.

இன்னொன்று, பல விழாக்களில் நடுவர்கள் வாசிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே தங்கள் கருத்தைப் பேசிப் பதிவு செய்கிறார்கள். முன்பு கேசட், இப்போது டிஜிட்டல். பள்ளிக்குத் திரும்பிய பின் ஆசிரியர் அதைத்தான் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுவார். ஆகவே நமக்கு வேண்டியது வாயில் சட்டென்று வரும் சொல்.

பேலன்ஸுக்கு ‘ஒலிச்சமன்’ போதும், அதில் யாருக்கும் தகராறு இல்லை என்று நினைக்கிறேன்.

பிளெண்டுக்கு யோசனையாக வந்த சொற்களில் ‘கலவை’ ஒலிப்பதிவுக் கூடத்தின் சொல்லாகிவிட்டது. ‘ஒருமை’ எனக்கு ஒப்பவில்லை. ‘ஜாஸ் அட் லிங்கன் சென்டர்’ என்ற அமைப்பு நியூயார்க்கில் நடத்தும் எசென்ஷியலி எலிங்டன் போட்டியில் உயர்நிலைப் பள்ளிக் குழுக்கள் ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனின் இசையை வாசிக்கின்றன. 1930இல் வந்த அவருடைய ‘மூட் இண்டிகோ’வின் தொடக்கத்தைக் கேளுங்கள். மியூட் (ஒலியை மட்டுப்படுத்தும் அடைப்பு) போட்ட டிரம்பெட் மேலே, மியூட் போட்ட டிராம்போன் தன் உச்ச ஸ்தாயியில் அதற்குக் கீழே, கிளாரினெட்டோ அடியில். மூன்றும் வேறு வேறு கருவிகள், எதுவும் தன் குணத்தை விடவில்லை. ஆனாலும் சேர்ந்து புதிதாக ஒரு நிறம் கேட்கிறது. அதை ஒருமை என்றால், எல்லாரும் ஒன்றுபோல் வாசித்தார்கள் என்றல்லவா பொருள் வரும்?

என் பரிந்துரை ‘இழைவு’. பாட்டோடு வயலின் இழைந்து வந்தது என்று நம் கச்சேரி விமர்சனத்தில் எழுதுவதுதானே. வினையாகவும் வளைந்து கொடுக்கும்: “இரண்டாம் டெனர் இழையவில்லை”, “பிரிட்ஜில் (பாட்டின் நடுப்பகுதியில்) நன்றாக இழைகிறீர்கள்”. மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசும் நடுவருக்கு இது வசதி.

அப்புறம், ஜாஸின் ஊசலாடும் தாள நடையான ‘ஸ்விங்’கைத் தமிழாக்கும் முயற்சியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். அது ஸ்விங்காகவே இருக்கட்டும். இழைவுக்கு மறுப்பு இருந்தால், மாற்றுச் சொல்லோடு அதை ஒரு வாக்கியத்தில் வைத்தும் எழுதுங்கள்.

அன்புடன்.