7, 10 வயசுப் பிள்ளைகளுக்கு முதல் மட்டக்குதிரை: சந்தையில வாங்கலாமா?

தென்னந்தோப்பு

வணக்கம். பையனுக்கு 7 வயசு, 22 கிலோ. பொண்ணுக்கு 10 வயசு, 31 கிலோ. ரெண்டு பேரும் ரைடிங் ஸ்கூல்ல நடை, ட்ராட் (துள்ளுநடை) வரைக்கும் வந்திருக்காங்க, கேன்டர் (மிதமான பாய்ச்சல்) இன்னும் பழகல. பொள்ளாச்சி பக்கம் தோப்பு இருக்கு, இடத்துக்குப் பஞ்சமில்ல. ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம். ரெண்டு வயசுக் குட்டியா வாங்கினா பிள்ளைங்களோடவே வளரும், விலையும் குறைவுன்னு சொந்தத்துல சொல்றாங்க. உடம்புல இருக்கிற முடிச்சுழியை வச்சு ராசி பார்க்கத் தெரிஞ்சவர் ஒருத்தரும் கூட வர்றார். உயரம், வயசு, இனம், எதை முதல்ல பார்க்கணும்?

சேணம்

குட்டி வேண்டாம் சார், இதுல மட்டும் உறுதியா இருங்க. ரெண்டு வயசுல முதுகெலும்பே முற்றியிருக்காது. சவாரிக்குப் பழக்குறது விவரம் தெரிஞ்ச பெரியவங்க வேலை. குதிரை மிரண்டா பிள்ளை பயத்துல லகானை இழுக்கும், வாய் வலிச்சா அது இன்னும் மிரளும். நிதானம் குதிரைக்கிட்ட இருந்தாத்தான் பிள்ளை கத்துக்கும். 10 முதல் 16 வயசுக்குள்ள தேடுங்க. கால் நல்லா இருந்தா 18 வயசும் பரவாயில்ல.

வயசை வாய்ச்சொல்லா நம்பாதீங்க. 5 வயசுல பால்பல் விழுந்து முன்பல் எல்லாம் நிரந்தரப் பல்லா வந்துடும். மேல்வரிசை முன்பல்லுல ஓரத்துப் பல்லைப் பாருங்க: ஈறு ஓரமா ஒரு பள்ளக்கோடு சுமார் 10 வயசுல தெரிய ஆரம்பிச்சு, 15ல பாதிப் பல் வரைக்கும், 20ல நுனி வரைக்கும் இறங்கும். துல்லியக் கணக்கு இல்ல, ஆனா 18 வயசுக் குதிரையை 9னு விற்க முடியாது.

உயரம் 12 கை, அதாவது 48 அங்குலம், உங்க பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் ஒத்துவரும். பிடரி முடிஞ்சு முதுகு தொடங்குற மேட்டுல அளக்கணும். எடைக்கு ஒரு டேப் போதும். முன்காலுக்குப் பின்னால நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரைக்கும் நீளம், ரெண்டையும் சென்டிமீட்டர்ல எடுங்க. சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 11,880 = கிலோ. 145க்கு 125 இருந்தா சுமார் 221 கிலோ. பிள்ளையும் சேணமும் சேர்ந்து அதுல 15 முதல் 20 சதவீதத்துக்குள்ள இருக்கணும். பொண்ணு 31, சேணம் 5, மொத்தம் 36 கிலோ, சரியா இருக்கு.

இனத்தைவிட அது என்ன வேலை பார்த்த குதிரைன்னு கேளுங்க. ரேக்ளா பந்தயத்துல ஓடினதுக்கு வண்டி இழுத்துத்தான் பழக்கம். பின்னால இன்னொரு குதிரை சத்தம் கேட்டா வேகம் எடுக்கும். நாட்டியக் குதிரையா ஆட்டினதுக்கு வாயோரத் தழும்பும் நாக்கு வெட்டும் பாருங்க. முள் கடிவாளம் போட்டிருப்பாங்க, அது சட்டப்படியே தடை. அப்படி ஒரு வாயில பிள்ளை லகான் பிடிக்கக் கூடாது. ஊட்டி, கொடைக்கானல்ல சுற்றுலாக்காரங்களை ஏத்தினது சத்தத்துக்கு அசையாது, ஆனா கயிறு பிடிக்கிற ஆளை நம்பியே நடக்கும். ஆள் இல்லாம ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. மார்வாரி, கத்தியவாரி மாதிரி வடநாட்டு இனங்கள் பார்க்க அழகு, பிள்ளைகளுக்கு உயரமும் துடிப்பும் அதிகம்.

காயடிச்சது முதல் தேர்வு. சாதுவான பெட்டையும் வாங்கலாம். காயடிக்காத ஆண் வேண்டவே வேண்டாம். சுழி சரியில்லன்னு மலிவா வர்ற சாதுக் குதிரை இருந்தா, உங்களுக்கு அதுதான் நல்ல வியாபாரம்.

கால்நடை மருத்துவன்

சந்தைக்குப் போய்ப் பாருங்கள், அன்றே வாங்கிக் கயிறு மாற்றாதீர்கள். காரணம் கிளாண்டர்ஸ் என்ற பாக்டீரியா நோய். மனிதருக்கும் தொற்றும், தடுப்பூசி கிடையாது. ரத்த மாதிரியைச் சோதித்து நோயை உறுதி செய்வது ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம். முடிவு கைக்கு வராமல் உங்கள் தோப்புக்குள் குதிரை வரக் கூடாது. சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோய்க்கும் சேர்த்துப் பாருங்கள்.

நொண்டலைக் கெட்டித் தரையில், நேர்கோட்டில், கயிறு தளர்வாக ட்ராட் ஓட்டிப் பார்க்க வேண்டும். வலிக்கிற முன்கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது தாழும். மணலில் ஓட்டிக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், மணல் பல நொண்டலை மறைத்துவிடும். குளம்பில் வளையங்கள் முன்புறம் நெருங்கி, குதிகால் பக்கம் விலகி இருந்தால் லாமினைட்டிஸ் (குளம்பின் உள்திசு அழற்சி) வந்துபோயிருக்கலாம். பிடரி மேடு கெட்டியாகத் தடித்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். மட்டக்குதிரைகளுக்கு அது திரும்பத் திரும்ப வரும்.

ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. கீழுதடு தொங்கி, தலை தாழ்ந்து, ஆண் குதிரை குறியை உள்ளிழுக்காமல் நின்றால் மயக்க மருந்து போட்டிருக்கலாம். வலிமருந்து கொடுத்து நொண்டலை மறைப்பதும் உண்டு. பிறகு சந்தேகம் வந்தால் மருந்து இருந்ததா என்று சோதிக்க, வாங்கும் நாளில் ரத்தம் எடுத்து வையுங்கள். எடுக்க விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

லகான்

குதிரையை அது வாழ்ற இடத்துலயே ரெண்டு தடவை பாருங்க, ஒரு தடவை சொல்லாம போங்க. "நாங்க வர்றதுக்கு முன்னாடி ஓட்டாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போறப்போ, போனதும் சேணம் வைக்கிற இடத்தைத் தொட்டுப் பாருங்க. ஈரமா, உப்புப் பூத்திருந்தா காலையிலயே ஓட்டிக் களைக்க வச்சிருக்காங்க.

திறந்தவெளியில பிடிக்கிறதிலிருந்து எல்லாத்தையும் உங்க கண் முன்னால செய்யச் சொல்லுங்க: கட்டுறது, நாலு காலையும் தூக்குறது, சேணம் வைக்கிறது. வயித்துப்பட்டையை இறுக்குறப்போ காதை மடக்கிக் கடிக்க வந்தா அந்தக் குதிரை பிள்ளைக்கு ஆகாது. முதல்ல விற்கிறவர் ஏறணும், அப்புறம் உங்க பயிற்சியாளரோட எடை குறைஞ்ச ஆள், கடைசியாத்தான் பொண்ணு. மத்த குதிரைகளை விட்டுத் தனியா வெளிய போகுதா, திரும்புறப்போ வீட்டைப் பார்த்து இழுக்குதா, லாரி ஹாரனுக்கு என்ன பண்ணுது, இதெல்லாம் பார்க்கணும். என்னைக் கேட்டா, நிக்கச் சொன்னா நிக்குதா, ஏறி இறங்குறப்போ அசையாம இருக்குதா, இது ரெண்டும் கேன்டரைவிட முக்கியம்.

தென்னந்தோப்பு

நன்றிங்க. குட்டி யோசனையை விட்டாச்சு. ரைடிங் ஸ்கூல்லயே பழைய குதிரை ஏதாச்சும் விலைக்கு வருமான்னு கேட்கிறேன். தீவனத்துக்குக் கொள்ளு தினம் எவ்வளவு?

சேணம்

ஆரம்பத்துல கொள்ளே வேண்டாம். 220 கிலோ குதிரைக்கு உலர்புல் தினம் மூன்றரை முதல் நாலரை கிலோ, தண்ணி, உப்புக்கட்டி போதும். பிள்ளைங்க வாரத்துல ரெண்டு நாள் மெதுவா ஓட்டுறதுக்கு அதுக்கு மேல தேவையில்ல. வாங்கினப்போ சாதுவா இருந்தது ஒரே மாசத்துல துள்ளுதுன்னா, தீவனம் ஏறி வேலை குறைஞ்சதுதான் பெரும்பாலும் காரணம். மொனென்சின்ங்கிற மருந்து கலந்த மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் பக்கமே விடாதீங்க, குதிரைக்கு அது விஷம். குதிரை தனியா நின்னா ஏங்கும், ஒரு கழுதையாவது துணைக்குக் கட்டுங்க. குளம்பு 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு தடவை சீவணும். ஹெல்மெட்டுல ஏ.எஸ்.டி.எம். எஃப்1163 (குதிரைச் சவாரி ஹெல்மெட்டுக்கான அமெரிக்கத் தரம்) முத்திரை இருக்கணும், சைக்கிள் ஹெல்மெட் கூடாது.