ரீப்பர் ஒலிப்பதிவு மென்பொருளில் சென்ட் போட்டதும் குரல் ஏன் உரக்கக் கேட்கிறது?

மொட்டைமாடி:
அக்காவின் குரல் நான்கு டிராக், வீணை ஒன்று, மிருதங்கம் இரண்டு. ஏழிலும் தனித்தனியாக ரிவெர்ப் (அறையில் ஒலிப்பது போன்ற எதிரொலிப்பு) போட்டிருந்தேன். பழைய லேப்டாப் திணறிவிட்டது. சரி என்று புது டிராக் ஒன்றில் ரியாவெர்பேட் என்ற ரிவெர்ப் எஃபெக்டைப் போட்டு, எல்லாவற்றையும் அதற்கு சென்ட் செய்தேன் (ஒலியின் ஒரு நகலை அனுப்பினேன்). இப்போது ரிவெர்ப் வருகிறதோ இல்லையோ, குரல் சத்தம் ஏறிவிட்டது. எங்கே தவறு?

நடுராத்திரி மிக்ஸ்:
ரியாவெர்பேட்டில் டிரை (ரிவெர்ப் சேராத மூல ஒலி) ஸ்லைடரை அடிவரை இறக்குங்கள். மூலக் குரல் தன் டிராக்கிலிருந்து நேராக மாஸ்டருக்கு (எல்லா டிராக்கும் கலக்கும் இறுதி வெளியீடு) போய்க்கொண்டுதான் இருக்கிறது. ரிவெர்ப் டிராக்கும் அதையே இன்னொரு முறை அனுப்பினால் இரண்டும் கூடத்தானே செய்யும்? ஒரே அளவில் சேர்ந்தால் 6 டெசிபல் ஏறும். அங்கே வெட் (ரிவெர்ப் ஒலி) மட்டும் இருக்கட்டும். எந்த டிராக்குக்கு எவ்வளவு ரிவெர்ப் என்பதை சென்ட் அளவில் வையுங்கள்.

தொப்பித்தாளம்:
மிருதங்கத்தை அள்ளி அனுப்பாதீர்கள், தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கம் கொழகொழவென்று ஆகிவிடும். ரிவெர்புக்கு முன்னால் ரியாஈக்யூ (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் எஃபெக்ட்) போட்டு, 600 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிப் பாருங்கள். லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவின் பெயரால் வழங்கும் பழைய உத்தி. வீணைக்கு எனக்கு 600 அதிகம், 300 போதும்.

மொட்டைமாடி:
டிரையை இறக்கியதும் சரியாகிவிட்டது, நன்றி! ஆனால் அக்கா குரலின் ஃபேடரை (டிராக்கின் ஒலி அளவு ஸ்லைடர்) முழுக்க இறக்கினாலும் ரிவெர்ப் மட்டும் பேய் மாதிரிக் கேட்கிறது.

நடுராத்திரி மிக்ஸ்:
அந்த சென்ட் ப்ரீ-ஃபேடரில் இருக்கும், அதாவது ஃபேடருக்கு முன்பே ஒலியை எடுக்கும். ஃபேடருக்குப் பின் எடுக்கும் போஸ்ட்-ஃபேடருக்கு மாற்றுங்கள்.