கிராபிக்ஸ் கார்டில் தடுமாற்றம், வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. தம்பிக்காக கேமிங் கணினி ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கிறேன். ரைசன் 5 7600 பிராசஸர், பி650 மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 ராம் வரை முடிவாகிவிட்டது. மதர்போர்டில் பிராசஸர் பொருந்தும் இடம் ஏஎம்5 சாக்கெட் வகை என்பதால் பின்னாளில் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கிராபிக்ஸ் கார்டில்தான் மனம் ஊசலாடுகிறது. ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் 8 ஜிபி நினைவகம், 115 வாட் மின்சாரம் இழுக்கும். ஆர்எக்ஸ் 7600 எக்ஸ்டி என்றால் 16 ஜிபி, ஆனால் 190 வாட். மானிட்டர் 1080பி (1920x1080 புள்ளித் திரை), அதற்கு 8 ஜிபி நான்கைந்து வருடம் தாங்குமா?

பழைய கணினியில் மலிவு விலை பவர் சப்ளை புகைந்து, மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. அந்தக் கருகல் வாடை இன்னும் மூக்கிலேயே நிற்கிறது. இம்முறை பவர் சப்ளையில் கஞ்சத்தனம் செய்ய மாட்டேன். 650 வாட் போதுமா? சனிக்கிழமை கணினிப் பாகங்கள் வாங்க சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறேன். அதற்குள் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.