எம்.எல்.ஏ.வுக்குப் போகும் கடிதம்: அனுப்பும் முன் சில வார்த்தைகள்

ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் கண்மாயில் தண்ணீரைத் திறந்து மூடும் தெற்கு மடை உடைந்து கிடக்கும் விஷயமாக எம்.எல்.ஏ.வுக்கு அனுப்ப குவைத் தம்பி எழுதிய கடிதத்தை எல்லோரும் படித்திருப்பீர்கள். படித்த கையோடு பலர் “அப்படியே அனுப்பு தம்பி” என்று பதில் போட்டிருக்கிறீர்கள். கடிதம் போக வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை. ஆனால் இந்தக் கடிதம் நம் ஊர்ச் சங்கத்தின் முகவரித் தாளில் போகக் கூடாது.

தம்பியின் கோபத்தில் ஒரு பொய்யும் இல்லை. தெற்கு மடையின் அடைப்புப் பலகை உடைந்து கிடக்கிறது. ஐப்பசியில் பெய்கிற மழை, கார்த்திகை தாண்டுவதற்குள் ஓடிப்போகிறது. தை பிறந்து கதிர் பால் பிடிக்கும்போது பக்கத்து ஊர் மோட்டாருக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறார்கள் நம் ஆட்கள். ஓட்டுக் கேட்டு வந்தபோது பிள்ளையார் கோயில் திடலில் மைக் பிடித்து, ஜெயித்ததும் முதல் வேலை இந்த மடைதான் என்று சொன்னவர், அதற்குப் பிறகு கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் வந்துபோனாரே தவிர கரைப் பக்கம் வரவில்லை. மணல் மூட்டை அடுக்கித்தான் ஊர்க்காரர்கள் காலம் தள்ளுகிறார்கள். இதற்குக் கோபம் வராவிட்டால்தான் தப்பு.

சரி, கடிதத்துக்கு வருவோம். முதல் வரியிலிருந்து ‘நீ’, ‘உன்’ என்று போகிறது. நடுவில் வெட்கம் இருக்கிறதா என்ற கேள்வி. அவருடைய குடும்பத்தைப் பற்றியும் ஒரு வரி. தம்பி குவைத்தில் இருக்கிறார், நான் மஸ்கட்டில் இருக்கிறேன். அந்தத் தாளின் தலைப்பில் இருப்பதோ ஊரில் இருக்கும் செயலாளர் அண்ணன் வீட்டு முகவரி. பட்டா மாறுதலுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கப்போவது அவர். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு அலையப்போவது அவர் மகள். மேலத்தெரு அத்தைமார்களுக்கு விதவை உதவித்தொகை நின்றுபோனால் கையைப் பிடித்துக்கொண்டு போய் விசாரிப்பதும் அவர்தான். எழுதுகிற சூடு நம்முடையது, அதற்கு முகம் கொடுப்பது அவர். அவர் சம்மதிக்காத ஒரு வார்த்தைகூட அந்தத் தாளில் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம் இன்னொன்று. திட்டி எழுதிய கடிதம் போனால் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு வேலை மிகவும் சுலபமாகிவிடும். மடையைப் பற்றிப் பதில் சொல்ல வேண்டியதில்லை. “எப்படி எழுதியிருக்கிறார்கள் பாருங்கள்” என்று நாலு பேரிடம் காட்டினால் போதும், பேச்சு நம் மரியாதையைப் பற்றியதாகிவிடும். ஐந்து வருடமாகக் கேட்பாரற்றுக் கிடக்கிற மடையை மறைக்க நாமே ஒரு திரை தைத்துக் கொடுத்த மாதிரி ஆகும்.

“எங்கள் சங்கத்து ஓட்டு ஒன்றுகூட உனக்கு விழாது” என்று கடிதம் முடிகிறது. இதையும் யோசித்துப் பாருங்கள். சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை வாங்கியவர்களுக்கு இந்தியாவில் ஓட்டே கிடையாது. இந்தியக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு 2010-இல் செய்த சட்டத் திருத்தத்தால் உரிமை வந்தது. அதற்குப் படிவம் 6ஏ கொடுத்து வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிய வேண்டும். பதிந்த பிறகும், தேர்தல் அன்று நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்குக் கடவுச்சீட்டோடு நேரில் போய்த்தான் ஓட்டுப் போட முடியும். நமக்குப் பதிலாக வேறொருவர் போடலாம் என்ற மசோதா 2018-இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் எடுத்துக்கொள்ளப்படாமலே காலாவதியானது. இந்தக் குழுவில் எத்தனை பேர் 6ஏ கொடுத்திருக்கிறோம்? எம்.எல்.ஏ. தரப்புக்கு இந்தக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். இல்லாத ஓட்டைக் காட்டி மிரட்டினால் இருக்கிற ஓட்டின் மதிப்பும் குறையும். ஓட்டு இருப்பது ஊரில் இருப்பவர்களிடம். கையெழுத்தும் அவர்களுடையதாக இருக்கட்டும்.

கோலாலம்பூர் பெரியப்பா அனுப்பிய மாற்றுக் கடிதத்தையும் பார்த்தேன். பெரியப்பா கோபித்துக்கொள்ளக் கூடாது, அதுவும் வேண்டாம் என்பேன். ‘தொகுதியின் விடிவெள்ளி’, ‘கருணைக் கடல்’ என்று கால்பக்கம் போகிறது. கடைசியில் ‘தங்கள் பொற்பாதம் பணிந்து’ என்று வருகிறது. மடை என்ற சொல் இரண்டாம் பக்கத்தில்தான் தலைகாட்டுகிறது. ‘கனம் கலெக்டர் துரை அவர்கள் சமூகத்திற்கு’ என்று எழுதிய காலம் ஒன்று இருந்தது. அன்று எழுதியவர் குடி, படித்தவர் துரை. இன்று நாம் எழுதுவது நாமே தேர்ந்தெடுத்து அனுப்பிய ஒருவருக்கு.

பெரிய பதவியில் இருந்தவர்களே இதில் இறங்கி வந்திருக்கிறார்கள். 2012-இல் குடியரசுத் தலைவராக இருந்த பிரணாப் முகர்ஜி, உள்நாட்டு நிகழ்ச்சிகளில் தனக்கு ‘மேதகு’ அடைமொழி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பாலக்காடு மாவட்டத்தில் மாத்தூர் என்ற ஊராட்சி 2021-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. ஊராட்சி அலுவலகத்துக்கு வருகிற யாரும் ‘சார்’, ‘மேடம்’ என்று அழைக்க வேண்டியதில்லை, பதவிப் பெயரைச் சொன்னாலே போதும், விண்ணப்பத்தில் கெஞ்சுகிற சொற்களும் வேண்டாம், உரிமையாகவே கேட்கலாம் என்று கட்சி வேறுபாடு இல்லாமல் தீர்மானம் போட்டார்கள். நம் எல்லைக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் நடந்தது இது. எனக்கு மிகவும் பிடித்த தீர்மானம்.

அதற்காக நாம் ‘ஐயா’ என்று எழுதுவதை விட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நம் பக்கத்தில் வயதில் சின்னவராக இருந்தாலும் பொது இடத்தில் ‘வாங்க, போங்க’தான். அது நம் வளர்ப்பு, பயம் அல்ல. எம்.எல்.ஏ.வுக்கு ‘மதிப்பிற்குரிய சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு’ என்று எழுதினால் போதும். அமைச்சர் என்றால் ‘மாண்புமிகு’ போடுவது அரசு வழக்கம், போட்டுவிடுவோம். ஆட்சியருக்கு ‘உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்’. அந்த ஒரு வரியோடு மரியாதை முடிந்தது. அடுத்த வரி ‘பொருள்’. அதில் ஊராட்சி, ஒன்றியம், கண்மாயின் பெயர், புல எண், தெற்கு மடை சீரமைப்பு என்று எல்லாம் வந்துவிட வேண்டும்.

இப்போது இதைவிட முக்கியமான ஒரு விஷயம். அந்த மடையைச் சரிசெய்ய வேண்டியது யார்? தமிழ்நாட்டில் நூறு ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேல் உள்ளவை நீர்வளத் துறைக்கு. நம்முடையது ஒன்றியக் கண்மாய். ஆக, வேலையைச் செய்ய வேண்டியது வட்டார வளர்ச்சி அலுவலகமும் அங்குள்ள ஒன்றியப் பொறியாளரும். நம் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்தான் பார்க்கிறார். தலைவர் இருந்தால் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டிருப்பார்கள். அந்த வழி அடைந்ததால்தான் எல்லாக் கோபமும் எம்.எல்.ஏ. ஒருவர் மேல் போய்க் குவிகிறது என்று நினைக்கிறேன்.

எம்.எல்.ஏ.விடம் கேட்க எதுவும் இல்லை என்று ஆகிவிடாது. தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்க்கு வேலைகளைப் பரிந்துரைக்க அவருக்கு அதிகாரம் இருக்கிறது. “இந்த மடையைச் சீரமைக்க உங்கள் தொகுதி நிதியிலிருந்து பரிந்துரை செய்யுங்கள், முடியாது என்றால் ஏன் என்று எழுத்தில் சொல்லுங்கள்.” இவ்வளவுதான் கடிதம். கோயில் திடலில் அவர் கொடுத்த வாக்கையும் தேதி போட்டு ஒரு வரியில் நினைவூட்டலாம். ஊர்ப் பையன்களிடம் அந்தப் பேச்சின் வீடியோ இருக்கிறது. வெட்கம் இருக்கிறதா என்ற கேள்வியைவிட அந்தத் தேதி நன்றாகச் சுடும்.

ஒன்றிய அலுவலகத்துக்கு வேறு மாதிரி எழுத வேண்டும். கடைசியாக அந்த மடைக்கு எப்போது நிதி ஒதுக்கினார்கள், எவ்வளவு, யாருக்கு ஒப்பந்தம், செய்த வேலையைக் குறித்துவைக்கும் அளவுப் புத்தகத்தில் என்ன பதிந்திருக்கிறார்கள் என்பதை 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்போம். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டினால் போதும். பொதுத் தகவல் அலுவலர் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு. இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. எதற்காகக் கேட்கிறாய் என்று விண்ணப்பதாரரிடம் காரணம் கேட்கக் கூடாது என்று பிரிவு 6-இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கெஞ்சவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். ஆனால் இந்தியக் குடிமக்கள் மட்டுமே கேட்க முடியும். அதனால் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவுகள் இதில் பெயர் கொடுக்காதீர்கள். மனு திரும்பி வர அது ஒன்றே காரணமாகிவிடலாம். இந்த மனுவில் நான் கையெழுத்துப் போடுகிறேன், என் கடவுச்சீட்டு இந்தியக் கடவுச்சீட்டுதான்.

கிராம சபையையும் விட்டுவிடக் கூடாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு முறை கூடுகிறது. தனி அலுவலர் காலத்திலும் கூடுகிறது. நம் ஊரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கலைந்துவிடுகிறார்கள் என்பது வருத்தமான உண்மை. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் கிராம சபைக்குக் கிராம சபை தீர்மானம் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தபோதும் அவர்கள் கையில் அத்தனை தீர்மானங்களும் இருந்தன. அவர்களுடைய கோபம் நம் கோபத்தைவிடப் பல மடங்கு பெரியது, நிலமும் வீடும் போகிற கோபம். அவர்களே ஒவ்வொன்றையும் பதிவேட்டில் ஏற்றிவிட்டுத்தான் தெருவில் நின்றார்கள். மடை பற்றி ஒரு தீர்மானம் பதிவேட்டில் ஏறிவிட்டால், தனி அலுவலர் மாறினாலும் எம்.எல்.ஏ. மாறினாலும் அது அங்கேயே இருக்கும். நகலை இணைத்து ஆட்சியரிடம் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கலாம். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் நடத்தை விதிகளைக் காட்டி அந்தக் கூட்டத்தை நிறுத்திவிடுவார்கள், மனுவைப் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். ஆகவே தள்ளிப்போட வேண்டாம்.

முகநூலிலும் எக்ஸ் தளத்திலும் முதல்வரையும் எம்.எல்.ஏ.வையும் இணைத்து அந்த முதல் கடிதத்தைப் போடலாம் என்று நியூஜெர்சி மச்சான் சொல்லியிருக்கிறார். மடையின் படத்தைப் போடுங்கள், எம்.எல்.ஏ. பேசிய வீடியோவைப் போடுங்கள், கூடவே நாம் அனுப்பிய மனுவின் ஒப்புகைச் சீட்டையும் போடுங்கள். வசை மட்டும் வேண்டாம்.

என் யோசனை இது. குவைத் தம்பியே புதுக் கடிதத்தையும் எழுதட்டும், விஷயத்தை அவரைவிட நெருக்கமாகப் பார்த்தவர் நம்மில் இல்லை. எழுதியதை முதலில் செயலாளர் அண்ணனுக்கு அனுப்பி, அவர் சரி என்ற பிறகு ஆயக்கட்டு விவசாயிகளிடம் கையெழுத்து வாங்குவோம். தகவல் உரிமை மனுவை இந்த வார இறுதிக்குள் நான் எழுதிக் குழுவில் போடுகிறேன். கண்மாயின் புல எண் எனக்கு வேண்டும். பழைய அடங்கல் (கிராம நிலக் கணக்கு) நகல் கீழத்தெரு சித்தப்பா வீட்டில் இருக்கும் என்று அம்மா சொன்னார்கள். துபாயில் இருக்கும் அவர் மகன் இதைப் படித்தால் ஒரு போன் போட்டு விசாரித்துச் சொல்லவும்.

அன்புடன்,
வடக்குத் தெருவிலிருந்து, தற்போது மஸ்கட்