இறங்கிய வயலிலிருந்தே மீண்டும் எழும்பலாமா?

வானோடி எழுதியது:
இயந்திரம் தடுமாறியதால் வயலில் பத்திரமாக இறங்கிய இருவர் அமரும் சிறு விமானம், சிறிது நேரத்தில் அங்கிருந்தே எழும்ப முயன்று வேலியில் மோதி உடைந்தால், விமானியைப் பொறுப்பற்றவர் என்று சொல்லிவிடுகிறோம். இயந்திரத்தை முழு விசையில் ஓட்டிப் பார்த்து, அது சீராக ஓடிய பிறகே அவர் புறப்பட்டிருந்தால், அந்த முடிவை நான் தவறென்று சொல்லமாட்டேன்.

நிலவன் எழுதியது:
அது சீராக ஓடியதுதான் எனக்கு அச்சம் தருகிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்கூடக் காற்றையும் எரிபொருளையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் பனி உறையும். தரையில் நின்றதும் இயந்திரச் சூட்டில் உருகித் தடயமின்றி மறைந்துவிடும். காரணம் தெரியாமல் எழும்புகிறவர், அதே தடுமாற்றத்தை மிகத் தாழ்வான உயரத்தில் சந்திக்க நேரும்.

வயலின் நீளத்தையும் பாருங்கள். பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் சிறு விமானங்களுக்குத் தரும் வழிகாட்டலின்படி, எழும்பத் தேவையான தூரத்தை ஈரப்புல்லுக்கு 1.3, இரண்டு சதவீத ஏற்றத்துக்கு 1.1, இளகிய மண்ணுக்குக் குறைந்தது 1.25 என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்க வேண்டும். விமானத்தின் கையேட்டில் 500 மீட்டர் என்றிருப்பது ஏறத்தாழ 894 மீட்டராகிறது, பாதுகாப்புக்கான 1.33-ஐயும் சேர்த்தால் 1,190 மீட்டரை நெருங்குகிறது. அத்தனை நீளமான வயல் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

வானோடி எழுதியது:
அதே வழிகாட்டல், எடை பத்து சதவீதம் கூடினால் தூரம் இருபது சதவீதம் கூடும் என்றும் சொல்கிறது. உடன் வந்தவரையும் பெட்டிகளையும் இறக்கிவிட்டு, புல் உலரவும் எதிர்க்காற்று வீசவும் காத்திருந்தால் உங்கள் கணக்கே மாறிவிடும். வயலின் நடுவில் ஓர் அடையாளம் வைத்து, அங்கே எழும்பு வேகத்தில் எழுபது சதவீதம் வராவிட்டால் நின்றுவிடலாம். சீரான முடுக்கத்தில் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, 0.7-இன் வர்க்கம் ஏறத்தாழப் பாதி என்பதால் அந்த அளவு பொருந்துகிறது.

நிலவன் எழுதியது:
ஈரப்புல்லில் பிரேக் சரியாகப் பிடிக்காது. மீதிப் பாதி தூரத்தில் நிற்க முடியும் என்பதற்கு உறுதி இல்லை. இளகிய மண்ணிலிருந்து சக்கரத்தை விடுவிக்க மூக்கை முன்னதாகவே உயர்த்தும்போது, இறக்கை நீளத்துக்கும் குறைவான உயரத்தில் தரையின் அருகாமை காற்றிழுவையைக் குறைப்பதால், போதிய வேகமில்லாமலே விமானம் மிதந்துவிடுகிறது. பறந்துவிட்டோம் என்று நம்பி இன்னும் உயர முயன்றால், இழுவை கூடி அது ஏற மறுக்கிறது. வேலியில் மோதுவது பெரும்பாலும் இப்படித்தான் என்று நான் கருதுகிறேன். இறக்கைகளைக் கழற்றி வண்டியில் ஏற்றிச் செல்வதில் செலவும் நேரமும் போகும், உயிர் போகாது.

பொறியாளர் எழுதியது:
உந்துவிசிறி, சக்கரத் தாங்கிகள், காற்று நுழைவாயில் ஆகியவற்றைப் பராமரிப்புத் தகுதி பெற்றவர் பார்க்காமல், விமானம் பறக்கலாம் என்று நான் கையெழுத்திட மாட்டேன். எரிபொருளில் தண்ணீர் உள்ளதா என்பதையும் வடித்துப் பார்க்க வேண்டும்.

வானோடி எழுதியது:
காரணம் தெரியும்வரை கிளம்பக் கூடாது என்பதை ஏற்கிறேன், நிலவன். என் முதல் பதிவில் அதைச் சொல்லாமல் விட்டது பிழை. ஆனால் காரணம் தெரிந்து, பொறியாளர் சொன்ன சோதனைகளும் முடிந்து, உலர்ந்த நீளமான வயலில் தனியாளாகப் புறப்படுகிறவரையும் வண்டியைத் தேடச் சொல்வதை ஏற்க என்னால் இயலவில்லை.